அல்லியாறு கேட்ட தனிக்குடித்தனம்

வேங்கைநல்லூர் நடுவே ஓடிக்கொண்டிருந்த அல்லியாறு, ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் காலையில், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், கட்டின சேலையோடு கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போனதை முதலில் பார்த்தவர் மாவடியேந்தலுக்குப் போகும் முதல் பஸ்ஸின் டிரைவர். பைபாஸ் ரோட்டில் இடது ஓரமாக, முழங்கால் ஆழத்தோடு, தலையைக் குனிந்தபடி அவள் மேற்கே போய்க்கொண்டிருந்தாள், பின்னாலேயே கெண்டையும் கெளுத்தியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின, டிரைவர் வண்டியை ஓரங்கட்டி அவள் கடக்கிறவரைக்கும் நிறுத்தி வைத்திருந்தார், ஹாரன் அடிக்கவில்லை. கோபத்தில் போகிற பொம்பளைப் பிள்ளையைப் பார்த்து ஹாரன் அடிக்கிறது மரியாதை இல்லை என்று பிற்பாடு டீக்கடையில் சொன்னார். சுங்கச்சாவடிக்காரர்கள் காருக்கு எவ்வளவு, லாரிக்கு எவ்வளவு என்று எழுதியிருந்த பலகையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆற்றுக்கு என்று எதுவும் எழுதியிருக்காததால் கம்பியைத் தூக்கிவிட்டார்கள்.

விடிந்ததும் ஊர் முழுக்கப் பாலத்தில் கூடிவிட்டது. கீழே ஆறு இருந்த இடத்தில் ஆற்றின் தடம் மட்டும் கிடந்தது. பழைய டயர், உடைந்த கட்டில், மூட்டை மூட்டையாகப் பாலிதீன் பை, எல்லாவற்றையும் அவள் விட்டுவிட்டுத்தான் போயிருந்தாள். பாலத்துக்கு அடியில், ஊர்க்காரர்கள் பெரிய வாய் என்று சொல்லும் அந்த சிமெண்டுத் துவாரம் மட்டும், ராத்திரி மழையில் குடித்த பாதாள சாக்கடையைக் கறுப்பாகக் கக்கிக்கொண்டே இருந்தது. ஓர் ஆறு எப்படி எழுந்து நடக்கும் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. வாய்க்கால் என்று பேரிலேயே வாயும் காலும் இருக்கிறது, அவளுக்கு நடக்கத் தெரியாதா என்ன? எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "யாரு என்ன சொன்னா?" ஒரு சொல்லும் இல்லாமல் ஒரு பெண் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டாள் என்பது வேங்கைநல்லூரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

ஆத்திரம் அடங்கினால் தானா வருவாள் என்று பாதிப்பேர் சொன்னார்கள். தீபாவளி போனது, கார்த்திகை பிறந்தது, அவள் வரவில்லை. வாடைதான் வந்தது. அதுநாள்வரைக்கும் ஊர் ஊற்றினதை எல்லாம் அவள் வாய்பேசாமல் சுமந்துகொண்டு போயிருந்தாள், இப்போது ஊற்றினது ஊற்றின இடத்திலேயே நின்றது. கரையோரம் இருந்த கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் பாயசம் வரைக்கும் தாக்குப்பிடிக்க முடியாமல் இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். அதற்கு மேல் பொறுக்க முடியாது என்று மேயரம்மா தன் காரை எடுத்துக்கொண்டு, பழைய பஸ் ஸ்டாண்டு எதிரே ஜாக்கெட் தைக்கும் பேச்சியம்மாளின் கடைக்கு வந்து இறங்கினாள்.

பேச்சியம்மாள் தையலில் சுமார்தான், கழுத்து வைத்தால் ஒருபக்கம் இழுக்கும். அவள் பேர் பெற்றது வேறு வேலையில். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன பெண்களைச் சமாதானம் பேசித் திருப்பிக் கூட்டிவருவதில் அந்த வட்டாரத்திலேயே அவளை அடிக்க ஆள் கிடையாது. புருஷன் வீட்டார் பத்துப்பேர் கும்பலாகப் போய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிய இடத்துக்கு இவள் ஒரு தாம்பூலத் தட்டோடு தனியாகப் போவாள், பொழுது சாய்வதற்குள் பெண்ணும் இவளும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். அதற்கென்று அவள் சில முறைகள் வைத்திருந்தாள். வெறுங்கையோடு போகக் கூடாது. தப்பு யார்மேல் என்ற பேச்சை எடுக்கவே கூடாது. பேச்சு முடிகிறவரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது, ஒரு வாய்த் தண்ணீர்கூட. இதில் எதையும் அவள் மீறினதில்லை, போன காரியம் முடியாமல் தட்டோடு திரும்பினதும் இல்லை.

மேயரம்மா வந்து நின்ற சமயத்தில் பேச்சியம்மாளின் சொந்த மகள் நிரோஷா கடைக்கு உள்ளே கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். ஆறு கிளம்பிய அதே வாரத்தில்தான் அவளும் ஒரு பையோடு ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தாள், இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு. வருவது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் பேச்சியம்மாளே பேசி, பேச்சியம்மாளே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். இந்தத் தடவையும் கைக்குத் தைலம் தேய்த்துவிட்டபடியே அவள் சொன்னது அதே சொல்தான். "குடிச்ச அன்னைக்கு மட்டுந்தானடி. மத்த நாளெல்லாம் மாப்பிள்ள தங்கம். வருசத்துல எத்தன நாளு அப்பிடி? எண்ணிப் பாரு." நிரோஷா எண்ணவில்லை, கையை மட்டும் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மருமகன் சோலைராஜின் பெரியப்பாவுக்குப் போன் போட்டு, தை பிறந்ததும் நானே கொண்டுவந்து விடுறேண்ணே என்று பேச்சியம்மாள் வாக்குக் கொடுத்துவிட்டாள். ஊர்ப்பெண்களையெல்லாம் ஒட்டவைத்தவள் மகளை ஒட்டவைக்க முடியவில்லை என்று ஒரு சொல் வந்துவிட்டால் அப்புறம் அவள் எந்த முகத்தோடு தாம்பூலத் தட்டைத் தூக்குவாள்? அந்தப் பயம் அவளுக்கு ராப்பகலாக இருந்தது.

ஆகவே ஆற்றைக் கூட்டிவரவேண்டும் என்று மேயரம்மா கேட்டபோது பேச்சியம்மாள் மலைக்கவில்லை. "தாய்வீடு எது?" என்று மட்டும் கேட்டாள்.

"மாவடியேந்தல் கண்மாய்தான். அங்கேயிருந்துதான் பொறந்து வர்றா."

"சேலை வாங்குங்க. பச்சையில. கூட யாரு வர்றா?"

மேயரம்மாவும் வந்தாள், மாநகராட்சி இன்ஜினியர் ஞானதுரையும் வந்தார். ஞானதுரை நல்ல மனுஷன், வேலை தெரிந்தவர், வாயில் பொய் வராதவர். சமாதானம் பேசப் போகிற இடத்துக்கு அப்படிப்பட்ட ஆளைக் கூட்டிப்போவது புத்திசாலித்தனமில்லை என்று பேச்சியம்மாளுக்கு ஜீப்பில் ஏறும்போதே தோன்றியது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மல்லிகை, பச்சைப் பட்டு, எல்லாம் வைத்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

கண்மாய்க்குள் அல்லியாறு கிழக்குக்கு முதுகைக் காட்டி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண்மாய்த் தண்ணீரோடு அவள் கலக்கவில்லை, கூடத்தில் பாய் விரித்துத் தனியாகப் படுத்திருக்கிற மகள் மாதிரி ஓரமாகக் கிடந்தாள். வந்த அன்றைக்கு அவள் உடம்பில் இருந்த கறுப்பைப் பார்த்து மாவடியேந்தல் பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்களாம், கண்மாயை அள்ளி அள்ளி ஊற்றி, மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் கழுவிக் கழுவி, கார்த்திகை பாதியில்தான் அடிமணல் கண்ணுக்குத் தெரிந்ததாம். பெண்வீட்டுக்காகப் பேச வந்து உட்கார்ந்தவள் ஒச்சம்மா, மடைக்குப் பக்கத்தில் ஆடு வைத்திருப்பவள், பேச்சியம்மாள் வயதுதான் இருக்கும், குரல் மட்டும் ஒரு மைல் கேட்கும்.

"வாங்க மதினி, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீகளா?" என்று வாய்ப்பழக்கத்தில் கேட்டுவிட்டு ஒச்சம்மா கண்மாயைத் திரும்பிப் பார்த்தாள், வந்தவர்களும் பார்த்தார்கள், எல்லாருக்கும் சங்கடமாகப் போய்விட்டது.

"பேச்சு முடியட்டும் மதினி, அப்பறம் கை நனைப்போம்," என்றாள் பேச்சியம்மாள். "போனது போச்சு, வந்தது வரட்டும். ஊரு தவிச்சுப் போய்க் கெடக்கு. பிள்ளையக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்."

மேயரம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஊர் என்னென்ன செய்யத் தயாராக இருக்கிறது என்று சொன்னாள். இரண்டு கரைக்கும் கிரானைட் படி, நடக்கிறதுக்குக் கல் பாவின பாதை, ராத்திரிக்குக் கலர் லைட்டு, ஒரு நீரூற்று, செல்ஃபி எடுக்க ஒரு மேடை.

ஒச்சம்மா முழுசையும் கேட்டுவிட்டு வெற்றிலைச் சாற்றைத் தள்ளித் துப்பினாள். "மூக்குத்தி வாங்கிக் குடுத்துட்டு மூஞ்சியில சாக்கடைய ஊத்துவீக. அதத்தானத்தா சொல்ற?"

அந்த இடத்தில் ஞானதுரை வாயைத் திறந்தார். "ஊத்தணும்னு யாரும் ஊத்தலம்மா. நெலவரத்தச் சொல்லிர்றேன். ஊருக்கு ஒரே குழாய்தான். வீட்டுக் கழிவும் அதுலதான் போவுது, மழைத்தண்ணியும் அதுலதான் போவுது. அந்தக் காலத்துல போட்டது, அன்னைக்கு இருந்த சனத்துக்குப் போதும். இப்ப நல்ல மழை பெஞ்சா குழாய் தாங்காது. தாங்காட்டி தெருவுல மூடி தூக்கிரும், வீட்டுக்குள்ள பொங்கி வந்துரும். அதுக்குத்தான் பாலத்துக்கடியில ஒரு வழி வச்சிருக்கு. மிஞ்சுனது அது வழியா ஆத்துல எறங்கிரும்."

"ஒங்க வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு அவ தலையில."

"மழை நாள்ல மட்டுந்தாம்மா," என்றார் ஞானதுரை, சத்தியமான குரலில். "மத்த நாளெல்லாம் ஒரு சொட்டு விழாது. வருசத்துல எத்தன நாளு அப்பிடி? எண்ணிப் பாருங்க."

"மழை அவளுக்குப் பொறந்த வீட்டுச் சீருய்யா!" ஒச்சம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "நாங்க இங்கேயிருந்து சீரு அனுப்புற அன்னைக்கா பாத்து அவள அசிங்கப்படுத்துவீக? மத்த நாளு சும்மா இருந்தீகன்னு அதுக்கு ஒரு மாலை வேற போடணுமோ?"

பேச்சியம்மாளுக்கு இதற்குப் பதில் இருந்தது. இதைவிடக் கூர்மையான வாய்களை அவள் பார்த்திருக்கிறாள், மடக்கவும் மடக்கியிருக்கிறாள். ஆனால் நாக்கு எழும்பவில்லை. மழை நாளில் மட்டும்தான், மற்ற நாளெல்லாம் ஒன்றுமில்லை, எண்ணிப் பார். அவள் வீட்டுக்குள் அவள் வாயால் சொன்ன சொல்லை இந்த மனுஷன் குழாய்க்கும் ஆற்றுக்கும் சொல்லிக்கொண்டு நிற்கிறார், கேட்கிறபோது இவ்வளவு கேவலமாகவா இருக்கும்? காது இரண்டும் சுட்டது. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, யார்மேல் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒருக்களித்துக் கிடந்த அல்லியாற்றின் முதுகை அவள் பார்த்தாள், அது பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிற முதுகு, திரும்பாத முதுகு. தைலம் தேய்க்கும்போது நிரோஷாவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

பேச்சியம்மாள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னைக்குக் கூப்பிட வேணாம்," என்றாள்.

மேயரம்மாவுக்குப் புரியவில்லை. "என்ன பேச்சியம்மா?"

"தனிக்குடித்தனம் வைங்க. சாக்கடைக்குத் தனி, மழைக்குத் தனி. வச்சதுக்கப்பறம் ஒரு நல்ல மழை பெய்யட்டும். மத்த நாளு எல்லாரும் யோக்கியந்தான். மழை அன்னைக்கு நீங்க எப்பிடி நடக்குறீங்கன்னு அவ பாக்கட்டும். பாத்துட்டு வர்றதுன்னா வருவா."

ஒச்சம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீ மாப்பிள்ள வீட்டுக்காரின்னுல்ல நெனச்சேன்," என்றாள்.

கண்மாய் ஓரத்தில் தண்ணீர் லேசாக அசைந்தது, அல்லியாறு திரும்பிப் படுக்கவில்லை, கால் பக்கத்தைக் கொஞ்சம் நீட்டினாள், அவ்வளவுதான். அதைச் சம்மதம் என்று இரண்டு பக்கத்தாரும் எடுத்துக்கொண்டார்கள்.

தட்டு மடியிலேயே இருக்க, ஜீப் ஊருக்குத் திரும்பியது. சுங்கச்சாவடி தாண்டினபிறகு மேயரம்மா கேட்டாள், "நீங்க யாரு கட்சி பேச்சியம்மா?"

"காலையில வரைக்கும் ஒங்க கட்சிதான்."

வீட்டுக்கு வந்ததும் அவள் மகளுடைய பையைப் பார்த்தாள். தைக்குப் போவதற்கென்று நிரோஷா துணியெல்லாம் மடித்து ஏற்கெனவே உள்ளே வைத்திருந்தாள். "பையப் பிரி," என்றாள் பேச்சியம்மாள். ஏன் என்று நிரோஷா கேட்கவில்லை, உடனே பிரித்தாள், அவ்வளவு வேகமாகப் பிரித்ததைப் பார்த்ததும்தான் பேச்சியம்மாளுக்கு அழுகை வந்தது. பெரியப்பாவுக்குப் போன் போட்டாள். "தை வேணாம்ணே." "அப்ப மாசியில நல்ல நாளு பாக்கவா?" என்றார் அவர். "மாசியும் வேணாம்," என்று வைத்துவிட்டாள். முதல்முறையாகத் தட்டோடு திரும்பியவள், மகளையும் வீட்டோடு வைத்துக்கொண்டாள் என்று தெருவுக்குத் தெரிய ஒரு நாள் ஆகவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் உனக்கு இல்லையடி பெண்ணே என்று ஜாக்கெட் வாங்க வந்தவர்களே வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் தையல் மிஷினை வேகமாக மிதித்தாள்.

அதற்கப்புறம் வேங்கைநல்லூர் தன்னைத்தானே தோண்ட ஆரம்பித்தது. அரசாங்கக் காகிதத்தில் அந்தத் திட்டத்துக்கு மூச்சு முட்டுகிற நீளத்தில் ஒரு பேர் இருந்தது, ஆனால் தனிக்குடித்தனத் திட்டம் என்று ஊர் வைத்த பேர்தான் நின்றது, கடைசியில் தெருமுனைப் பலகைகளிலேயே அப்படித்தான் எழுதினார்கள். தெருவுக்கு இரண்டு பள்ளம், ஒன்று கீழே ஆழமாகச் சாக்கடைக்கு, ஒன்று மேலே மழைக்கு. ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய அகலத்துக்குக் குழாய்கள் லாரியில் வந்து இறங்கின. பலகை போட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள், பலகை போட்டுத்தான் மாப்பிள்ளை அழைத்தார்கள், பலகை போட்டுத்தான் பாடை தூக்கினார்கள், ஒரு மணப்பெண் முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதென்று பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தை ஒரே தாவில் தாண்டினாள், அவளைப் பற்றி அந்தத் தெருவில் இன்னமும் பெருமையாகப் பேசுகிறார்கள். பழைய பஸ் ஸ்டாண்டைப் பெயர்த்துப்போட்டு அதற்கு அடியில் ஒரு கல்யாண மண்டபத்தையே உள்ளே வைக்கலாம் என்கிற அளவுக்குத் தொட்டி கட்டினார்கள். எவ்வளவு பிரித்தாலும் பேய்மழையில் கொஞ்சம் மழைநீர் சாக்கடைக்குள் கசியத்தான் செய்யும், அப்போது மிஞ்சுவதை ஆற்றுக்குத் தள்ளாமல் இந்தத் தொட்டி வாங்கி வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்திகரிக்கிற இடத்துக்கு அனுப்பும் என்று ஞானதுரை விளக்கினார். ஊர் அதற்குப் பொறுமைத் தொட்டி என்று பேர் வைத்தது.

ஆறில்லாத ஊராகவும் அது வாழப் பழகிக்கொண்டது. ஆற்றங்கரைத் தெரு ஆற்றங்கரைத் தெருவாகவே இருந்தது. பாலத்தின்மேல் போகிற பஸ்களில் பேச்சுச் சத்தம் கொஞ்சம் குறையும், துக்க வீட்டைக் கடக்கிற மாதிரி. அஸ்தி கரைக்கிறவர்கள் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு மாவடியேந்தல் பஸ்ஸில் போனார்கள். பெருமாள் ஆற்றில் இறங்குகிற திருநாளுக்கு அவரை டாடா லாரியில் ஏற்றிக் கண்மாய்க்கே கொண்டுபோனார்கள், மாவடியேந்தல்காரர்கள் அவரைச் சம்பந்தி வீட்டு ஆளாக வரவேற்று விருந்து வைத்தார்கள், ஆனாலும் கட்டிக்கொடுத்த பெண் இத்தனை வருஷமாகவா தாய்வீட்டில் இருப்பாள் என்று அங்கேயும் முணுமுணுப்பு வராமல் இல்லை, கண்மாய் நிரம்பி நாலு பேர் வயலில் தண்ணீர் ஏறிவிட்டது. "ஏறட்டும், அவ எடம், அவ இருப்பா," என்று ஒச்சம்மா போட்ட சத்தத்தில் முணுமுணுப்பு அடங்கியது.

இவ்வளவும் செய்தபிறகு ஞானதுரை ஒருநாள் பேச்சியம்மாள் கடைக்கு வந்து, அளவு கொடுக்க வந்த ஆள் மாதிரி தயங்கித் தயங்கி நின்றார். "ஒரு சிக்கல்மா. வீட்டுக்கு வீடு மொட்டைமாடித் தண்ணியச் சாக்கடைக் குழாய்லதான் சொருகி வச்சிருக்காங்க. அத உருவி மழைக் கால்வாய்ல விடலேன்னா நாங்க தோண்டுனது அம்புட்டும் வீண். நோட்டீஸ் குடுத்தா கிழிச்சுப் போட்டுர்றாங்க."

பேச்சியம்மாள் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். வீடு வீடாக ஏறினாள். தாம்பூலத் தட்டில் இந்தத் தடவை வெற்றிலையோடு ஒரு முழம் பிளாஸ்டிக் குழாயும் ஒரு வளைவுத் துண்டும் வைத்திருந்தாள். ரிட்டயரான தாசில்தார் ஒருவர் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே, "என் ஒருத்தன் வீட்டு மாடித் தண்ணியிலயா ஆறு அழுக்காயிரும்?" என்று கேட்டார்.

"ஒருத்தன் வீடுதானேன்னு இந்தத் தெருவுல எல்லாரும் சொல்லிட்டாங்க சார். நீங்கதான் கடைசி."

"முடியாதுன்னா?"

"முடியாதுன்னா ஒக்காந்திருப்பேன். தண்ணி கூடக் குடிக்க மாட்டேன். ஒங்க வீட்டு வாசல்ல ஒரு பொம்பள பட்டினி கெடக்கான்னு ஊரு சொல்லும்."

தாசில்தாருடைய சம்சாரமே உள்ளேயிருந்து குழாய் அறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு வந்தாள். இப்படித்தான் ஒவ்வொரு வீடும் வழிக்கு வந்தது, சில வீடுகளுக்கு நாலு நடை நடந்தாள், செருப்பு தேய்ந்தது. நிரோஷா அதற்குள் பம்பிங் ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். டிப்ளமோ படித்துவிட்டு அடுப்பூதப் போனவள், இப்போது காக்கிக் கோட்டு மாட்டிக்கொண்டு புது மோட்டார்களுக்கு முன்னால் நின்று தண்ணீர் மட்டம் காட்டும் முள் எங்கே நிற்கிறது, எந்த மோட்டாரை எப்போது ஓட்டவேண்டும் என்று பார்த்தாள். சாப்பாட்டின்போது மோட்டாரைப் பற்றியே பேசினாள். பேச்சியம்மாளுக்குப் பாதி புரியாது, ஆனாலும் அவள் பேசிக்கொண்டே இருக்கவேண்டும் என்று இன்னொரு கரண்டி சோறு போடுவாள்.

எல்லா வேலையும் முடிந்த வருஷம் ஐப்பசியில் மழை சண்டைக்கு வருகிற மாதிரி வந்தது. காலையில் தொடங்கி, கடைச்சாமான் எல்லாம் மிதக்குமோ என்கிற அளவுக்கு அடித்துப் பெய்தது. ஊர் குடையைப் பிடித்துக்கொண்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பாலத்தில் வந்து நின்றது. எல்லார் கண்ணும் பெரிய வாய்மேல். அதை இரும்புக் கதவு போட்டு மூடியிருந்தார்கள், ஆனால் பொங்கினால் தள்ளித் திறக்கிற மாதிரிதான் கதவு. ஞானதுரை முழுக்க நனைந்து, போனைக் காதில் வைத்திருந்தார். மறுமுனையில் நிரோஷா.

"தொட்டி பாதி ஏறிருச்சு சார். மூணாவது மோட்டாரப் போடுறேன்."

"போடும்மா, போடு."

"முக்கால்வாசி வந்துருச்சு."

கதவின் விளிம்பில் ஈரம் கசிகிற மாதிரி இருந்தது. கூட்டத்தில் யாரோ ஐயோ என்றார்கள். அது மேலே பாலத்திலிருந்து வடிந்த மழைத்தண்ணீர். மழை இன்னும் அரைப்பொழுது பெய்தது, புதுக் கால்வாய்கள் வழியாகத் தெளிந்த தண்ணீர் இரண்டு பக்கமும் சலசலவென்று ஆற்றுத் தடத்துக்குள் இறங்கியது, தெரு மூடிகளில் ஒன்றுகூட அசையவில்லை, பெரிய வாய் மூடினது மூடினபடியே இருந்தது. "நின்னுருச்சு சார், முள்ளு எறங்குது," என்று நிரோஷா சொன்னது போனைத் தாண்டிக் கேட்டது. ஞானதுரை அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் சுங்கச்சாவடியிலிருந்து தகவல் வந்தது, அவள் தாண்டிவிட்டாள். தூறலில் பைபாஸ் வழியாக, ரோட்டின் நடுவாக, அவசரமில்லாமல், தலை நிமிர்ந்து அல்லியாறு வந்தாள். அடிமணல் தெரிந்தது. மீன்கள் கூடவே வந்தன, போனதைவிடப் பெருத்திருந்தன. பின்னாலேயே மாவடியேந்தல் பஸ்ஸில் ஒச்சம்மாவும் பெண்வீட்டார் இருபது பேரும் வந்தார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் நின்றாள். பெரிய வாயை ஒரு பார்வை பார்த்தாள், இரும்புக் கதவில் ஒரு அலை எடுத்துத் தட்டிப் பார்த்தாள், அதற்குப்பிறகு படித்துறை ஓரமாகத் தன் தடத்தில் இறங்கினாள். யாரும் கைதட்டவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். மேயரம்மா பச்சைப் பட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள், ஒச்சம்மா அதை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

ஊர் வாழை மரம் கட்டிக் கொண்டாடிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் சோலைராஜின் பெரியப்பா தட்டோடு வந்தார், கூட இரண்டு பங்காளிகள், கடைசியாகச் சோலைராஜ், புதுச்சட்டை, தலை குனிந்தபடி. பேச்சியம்மாள் பாய் விரித்தாள். நிரோஷா வேலைக்குக் கிளம்பிக் காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தவள், அடுப்படிக் கதவோடு நின்றுவிட்டாள்.

"நல்ல நாளும் பொழுதுமா வந்திருக்கோம் தங்கச்சி," என்றார் பெரியப்பா. "ஆறே மனசு மாறி ஊருக்கு வந்துருச்சு. ஒம் மக வரக் கூடாதா? பய முன்ன மாதிரி இல்ல. திருந்திட்டான். என்னைக்காச்சும் ஒரு நாளுதான், கல்யாணம் காச்சின்னா."

"அத்தை, இனிமே..." என்று ஆரம்பித்த சோலைராஜ் முடிக்காமல் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

பேச்சியம்மாள் தட்டைப் பார்த்தாள். அவளே எத்தனையோ வீட்டுக்குத் தூக்கிப்போன தட்டு மாதிரிதான், வெற்றிலை பாக்கு, பழம், பூ, சேலை, ஒன்றும் குறைவில்லை. இதை வைத்துவிட்டு என்ன பேசுவார்கள், அதற்குப் பெண்ணைப் பெற்றவள் என்ன சொல்வாள், எந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்பாள் என்று வரிசை தப்பாமல் அவளுக்குத் தெரியும்.

"ஆறு மனசு மாறி வரலண்ணே," என்றாள். "அதுக்காக இந்த ஊரு நாலு வருசம் தெருத்தெருவாத் தன்னையே தோண்டிக் கெளறிப் போட்டுச்சு. எம் மகளுக்காக ஒங்க வீட்டுல எத்தன அடி தோண்டுனீங்க?"

பெரியப்பா பங்காளிகளைப் பார்த்தார், பங்காளிகள் சோலைராஜைப் பார்த்தார்கள். அவன் பாயின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தான். அவர்களே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். வாசல்வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்து பேச்சியம்மாள் பாயைச் சுருட்டினாள்.

"அவங்கள வாசல்ல பாத்ததும் எனக்குப் பயமாப் போச்சும்மா," என்றாள் நிரோஷா. "போகச் சொல்லிருவியோன்னு."

"எனக்குந்தாண்டி," என்றாள் பேச்சியம்மாள். "சொல்லிருவேனோன்னு."